ஹில் டாப் வீட்டு அம்மையார்

நம் பக்கத்தில் யாருக்காவது நோய் முற்றி, உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டால், அடுத்து வீட்டில் எழும் பேச்சு "வேலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?" என்பதுதான். அரியலூரில் ரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, திருவண்ணாமலை வழியாகப் போகும் காட்பாடி ரயிலில் வேலூர் கன்டோன்மென்ட் போய்ச் சேர்வோர் உண்டு. பெரம்பலூரில் பஸ் பிடித்து, இரண்டு மூன்று இடங்களில் மாறிப் போவோரும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க அம்மையார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய மருத்துவப் பணியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவர் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததைப் பற்றி. கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்ற வீட்டில், வருகிறவர்களை வரவேற்று உட்கார வைத்துக்கொண்டு, 14 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பென்ஷன் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கடைசி அத்தியாயம்தான் என்பது என் எண்ணம்.

முதலில் கொடைக்கானலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று தேனிலவுத் தம்பதிகளும் சாக்லேட் கடைகளும் நிறைந்திருக்கும் அந்த ஊர், தொடக்கத்தில் களைத்துப்போனவர்கள் ஓய்வெடுக்கப் போன இடம். மதுரைச் சீமையில் வேலை செய்ய வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லறைகள் பெருகின. கோடையில் இரண்டு மாதமாவது குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான் உயிர் தங்கும் என்று கண்டு, 1845இல் பழனி மலையின் மேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று அவற்றுக்குப் பெயர். கொடைக்கானல் என்ற நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்தது. ஏரி பிறகுதான் வந்தது. 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கியது அது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்குக் கொடை ரோடு என்று பெயர் வந்ததும், மலைப்பாதையில் மோட்டார் ஏறியதும் அதற்கும் பின்னால். அதுவரை மலையடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் கால்நடையாகவும்தான் மேலே போனார்கள்.

அப்படிப் போனவர்களுக்காக அங்கே விடுமுறை இல்லங்கள் உருவாயின. ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு பங்களா, இரண்டு பங்களா. சமவெளியில் ஆண்டு முழுவதும் வெயிலில் வேலை செய்தவர்கள், நோய்ப்பட்டவர்கள், பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சில வாரம் தங்கினார்கள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தேவை பேச்சா, தூக்கமா, சூடான சூப்பா என்று கண்டுகொள்கிற ஒருவர் இத்தகைய இல்லங்களுக்கு வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண்மணியாக இருக்கும். மாநாட்டு அறிக்கைகளில் அவர்களுக்கு ஒரு வரி நன்றியாவது கிடைத்தால் பெரிது. ஐடா அம்மையார் வேறு பல காரணங்களால் புகழ் பெற்றுவிட்டவர் என்பதால், ஹில் டாப்பின் பெயரும் மறையாமல் நின்றது.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்குக் கப்பலேறியவர்; அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்வார்கள். அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் மிஷனரிகள். இந்தப் பெண்ணுக்கோ அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தது. பஞ்சத்தையும் பசித்த குழந்தைகளையும் சிறு வயதிலேயே பார்த்துவிட்டவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1890இல் தாயாருக்கு உடல்நலம் கெட்டதால், கொஞ்ச நாள் உதவிக்கு என்று திண்டிவனம் வந்தார். நம் பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் அதே திண்டிவனம்தான்.

அங்கே ஒரு ராத்திரி நடந்ததைத் தமிழ்நாட்டில் பலர் கேட்டிருப்பார்கள். கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து காப்பாற்றுங்கள் என்றார். "எனக்கு ஒன்றும் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்று ஐடா சொன்னார். வேற்று ஆண் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அவரால் ஏற்க முடியவில்லை, போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படிக்க முடிவெடுத்தது அந்த விடியலில். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அந்த மருத்துவக் கல்லூரி பெண்களுக்குப் பட்டம் தந்த முதல் ஆண்டு அது.

அதன் பின் நடந்ததை ஓர் அலுவலகக் குறிப்பு போலச் சுருக்கமாகவே சொல்லலாம். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் மருத்துவம் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற செல்வந்தர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி. அதே காலத்தில் ஒரு சிறிய பெழோ கார் வந்தது; பிரான்ஸ் நாட்டுத் தயாரிப்பு. அதில் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி, நோயாளிகளைப் பார்த்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் யார் வரப்போகிறார்கள் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டே 151 விண்ணப்பங்கள் வந்தன. அந்தப் பள்ளியைப் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்த்த வேண்டிய கட்டாயம் வந்தபோது, எழுபது வயதைக் கடந்த நிலையில் அமெரிக்காவெங்கும் சுற்றிப் பணம் திரட்டினார். 1946இல், 75 வயதில், பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி கல்லூரியின் தலைமைக்கு வந்தார்.

ஓய்வு பெற்ற ஐடா அமெரிக்கா போகவில்லை. ஹில் டாப்புக்குப் போனார். அது ஏற்கெனவே அவருக்குப் பழகிய வீடு. நியூயார்க்கைச் சேர்ந்த மிஸ் கெர்ட்ரூட் டாட் என்ற தோழி, தம் செல்வத்தையும் வாழ்நாளையும் வேலூருக்குக் கொடுத்தவர். சுமார் 28 ஆண்டுகள் இருவரும் வேலூரிலும் இந்த மலை வீட்டிலுமாக ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். மிஸ் டாட் 1944இல் காலமாகிவிட்டார். ஆகவே ஐடா மலையேறியபோது, அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பதவி இல்லை. உயிர்த்தோழியும் இல்லை. நம்மூரில் இப்படி ஒருவர் இருந்தால் "பாவம், தனியாக் கிடக்கிறாங்க" என்போம்.

அவர் தனியாகக் கிடக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தார். வேலூரிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் விடுமுறைக்கு வந்தார்கள். பழைய மாணவிகள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மலையேறி வந்து அவரைப் பார்த்தார்கள். தோட்டம் அவருக்கு உயிர். இளமையில் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்காதவர், முதுமையில் செடிகளோடு நேரம் போக்கினார். "டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் தவறாமல் அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஒரு செய்தி உண்டு. தபால்காரருக்குத் தெரிந்த வீடு வழிப்போக்கருக்கும் தெரியும். 1960 மே மாதம், 89 வயதில், அந்த வீட்டிலேயே கண் மூடினார்.

டாக்டர் ஐடா வேறு, வீட்டு அம்மையார் ஐடா வேறு என்று பலர் நினைப்பார்கள். முதலாவது பெரிய வேலை, இரண்டாவது பொழுதுபோக்கு என்று. நான் அப்படி நினைக்கவில்லை. திண்டிவனத்தில் அந்த இரவு அவருக்கு நேர்ந்தது என்ன? வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள், அவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் கட்டிய எல்லாமே, வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள்தான். ஒற்றைக் கட்டில், 40 கட்டில், கல்லூரி என்று அந்த ஏற்பாடு வளர்ந்துகொண்டே போனது. கையில் ஸ்டெதஸ்கோப் இருந்தவரை மருத்துவமாகவும், அது போன பிறகு தேநீராகவும் தோட்டத்துப் பூவாகவும் அதே வேலை தொடர்ந்தது.

இதைச் சொல்லும்போது என் பள்ளிப் பிரெஞ்சு நினைவுக்கு வருகிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். பின்னாளில் தாலுகா ஆபீஸ் கோப்புகளுக்கு அது எந்த உபயோகமும் படவில்லை. ஆனால் சில வார்த்தைகள் மனதை விட்டுப் போகவில்லை. அவற்றில் ஒன்று 'ஓத்'. விருந்து கொடுப்பவருக்கும் ஓத். விருந்துக்கு வருபவருக்கும் ஓத். இடத்தைப் பார்த்துத்தான் எது என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்று நீ வருபவன், நாளை நீ வரவேற்பவன் என்று அந்த மொழியே சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். லத்தீனில் அதற்கு வேரான சொல்லிலிருந்துதான் 'ஓப்பித்தால்' என்ற ஆஸ்பத்திரியும், 'ஓத்தெல்' என்ற விடுதியும், 'ஓஸ்பிஸ்' என்ற அன்னச்சத்திரமும் வந்தன. பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கும் பழம்பெரும் மருத்துவமனைக்கு 'ஓத்தெல்–தியே' என்று பெயர். ஆண்டவனின் விடுதி என்று அர்த்தம் கொள்ளலாம். நோயாளி என்பவர் முதலில் ஒரு விருந்தினர். மருந்து அதற்குப் பிறகு.

நம் மொழியிலும் இதற்குக் குறைவில்லை. விருந்து என்றால் சாப்பாடு என்று இன்று ஆகிவிட்டது. பழைய தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாய் வந்தவர், முன்பின் அறியாதவர்தான் விருந்து. மாமனும் மச்சானும் வந்தால் உறவு, அது வேறு கணக்கு. திருக்குறளில் அன்புடைமைக்கு அடுத்த அதிகாரமாக விருந்தோம்பலை வள்ளுவர் வைத்திருக்கிறார். அதற்கடுத்து இனியவை கூறல். அந்த வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்பு உள்ளே இருந்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் நாக்கும் இனிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரே பாடம்.

இந்தப் பாடத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஏலாக்குறிச்சி. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்து, தமிழைக் கற்று, தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதிய வீரமாமுனிவர் அங்கே கோயில் கட்டினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அங்குள்ள மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். வேறு எத்தனையோ அழகான பெயர்கள் வைத்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது காவல், அடைக்கலம் என்ற சொற்கள். ஓடி வந்தவருக்கு ஒதுங்க இடம். அந்தக் கோயிலுக்கு எல்லா மதத்தாரும் போய்வருகிறார்கள். ஐடா புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர், ஏலாக்குறிச்சி கத்தோலிக்கர் கோயில். ஆனால் வாசலுக்கு வந்தவரைப் பற்றிய சட்டத்தில் இரு சபைக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு நம் சாலையோரத்தில் நீர்மோர் ஊற்றுகிறவர்கள் பின்பற்றுவதும் அதே சட்டம்தான்.

இனி நம்மைப் பார்ப்போம்.

அரியலூர் சிமெண்ட் ஊர். நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவராக நிற்கிறது. நம் ஊரிலும் வீடுகள் எழும்பின. லெப்பைக்குடிக்காடு தொடங்கி ஜெயங்கொண்டம் வரை, வளைகுடா நாட்டுப் பணமும் சிங்கப்பூர்ப் பணமும் பிள்ளைகளின் ஐ.டி. சம்பளமும் மாடியின் மேல் மாடியாக நிற்கின்றன. ஆனால் திண்ணையை இடித்துவிட்டோம். அது காலத்தின் கோலம், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்லலாம். திண்ணை இருந்த காலத்தில், வழிப்போக்கர் யாரையும் கேட்காமல் உட்கார உரிமை இருந்தது. அது நம் இடம்தான், ஆனால் அவருடையதும்கூட. இன்று அந்த இடத்தில் கிரில் கேட், அதில் நாய் ஜாக்கிரதை பலகை, உள்ளே கேமரா. மாடியில் பிள்ளைகளுக்காகக் கட்டிய மூன்று அறைகள். பொங்கலுக்கு நான்கு நாள் திறக்கிறோம், மற்ற நாளெல்லாம் தூசி.

உள்ளே நாம். ஆண்டுக்கு ஒருமுறை பென்ஷன் நேர்காணலுக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று கருவூலத்தில் நிரூபித்துவிட்டு வருகிறோம். மற்ற நாட்களில் நாம் உயிரோடு இருப்பது யாருக்குத் தெரியும்? காலையில் நடை, பேப்பர், மாத்திரை, டி.வி., இரவு பிள்ளைகளின் வீடியோ அழைப்பு. முதுமையில் மனிதனைத் தின்பது சர்க்கரை நோயைவிடத் தனிமைதான் என்று, என் வயதை ஒத்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். எத்தனையோ பேரை நாம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள். நம் மாவட்டம் 2001இல் பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தபோது, எந்தக் கோப்பு எந்த ஊரில் என்று தெரியாமல் அலைந்த ஜனங்களுக்கெல்லாம் வழி சொன்னவர்கள் நாம்தான்.

அப்போது நான் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். என்னுடன் வேலை பார்த்த ஒரு ரெக்கார்டு கிளார்க். தம் மேசைக்குப் பக்கத்தில், சொந்தக் காசில், ஒரு மண்பானையும் ஒரு ஸ்டூலும் வைத்திருந்தார். ஆண்டிமடத்திலிருந்தும் திருமானூரிலிருந்தும் விடிகாலையில் கிளம்பி வந்து நிற்கும் மனுதாரரிடம், எதற்கு வந்தாய் என்று கேட்பதற்கு முன் "உட்காருங்க, தண்ணி குடிங்க" என்பார். அவரால் எல்லோருடைய காரியத்தையும் முடித்துக் கொடுக்க முடிந்ததில்லை. அது அவர் அதிகாரத்திலும் இல்லை. ஆனாலும் அவர் ஓய்வு பெற்ற பிறகு வருடக்கணக்கில் ஜனங்கள் வந்து "அந்தப் பானைக்கார ஐயா எங்கே?" என்று கேட்டார்கள். ஆபீசர்கள் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். காலம் கெட்டுக் கிடக்கிறது, தனியாக இருக்கும் வயதானவர்களைத் தாக்கி நகை பறிக்கிறார்கள், முன்பின் தெரியாதவனை வீட்டுக்குள் விடச் சொல்கிறாயா? இது நியாயமான பயம். அப்படி விடச் சொல்லவில்லை. கொடைக்கானல் விடுமுறை இல்லங்களிலும் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடவில்லை. யார் அனுப்பினார்கள், எத்தனை நாள் என்ற விவரம் இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும், சாப்பாட்டு மணி இருக்கும். விருந்தோம்பலுக்கும் ஒழுங்கு உண்டு. ஒழுங்கு இருந்தால்தான் அது நீடிக்கும். கோப்பும் பதிவேடும் நமக்குத் தெரியாத வித்தையா?

இரண்டாவது கேள்வி என் வீட்டிலேயே வந்தது. நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "ஏங்க, விருந்தோம்பல் விருந்தோம்பல்னு பக்கம் பக்கமா எழுதுறீங்களே, வர்றவங்களுக்கு இட்லி அவிக்கப் போறது யாரு?" என்றார். இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. திண்ணைக் காலத்தின் பெருமை பேசும் ஆண்கள், அந்தத் திண்ணைக்கு உள்ளேயிருந்து வந்த சோற்றை வடித்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஹில் டாப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மையாரின் பெயர் நமக்குத் தெரிகிறது. சமையலறையிலும் தோட்டத்திலும் உழைத்த உள்ளூர் மக்களின் பெயர் எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் இல்லை. ஆகவே பெண்களின் முதுகில் ஏற்றி நாம் பெயர் வாங்கும் விருந்தோம்பலை நான் சிபாரிசு செய்யவில்லை. ஓய்வு பெற்ற ஆண்களுக்குக் கையும் காலும் நேரமும் இருக்கின்றன. காய் நறுக்கலாம், போர்வை துவைத்துக் காயப்போடலாம், தண்ணீர் சுட வைக்கலாம். அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள முடியாத அளவுக்கு இட்லி கடினமான சாஸ்திரம் அல்ல.

சரி, யாரை வரவேற்பது? பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பெருமையான விஷயம். செந்துறையிலிருந்தும் தா.பழூரிலிருந்தும், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும். கூட வந்த மனைவிக்கு, தகப்பனுக்கு, கைக்குழந்தையோடு வந்த தங்கைக்கு? எந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். வராந்தாவிலும் மரத்தடியிலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பெண்கள் குளிக்கவும் துணி மாற்றவும் படும் பாட்டை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் வங்காளி எழுத்தில் போர்டு மாட்டிய லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. அத்தனை தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு தெருவே சத்திரமாக மாறிவிட்டது. அது வியாபாரம்தான், ஆனாலும் படுக்க இடம், சமைத்துக்கொள்ள அடுப்பு என்று வசதி கிடைக்கிறது. கையில் லாட்ஜுக்குக் காசில்லாமல் நம் ஊருக்கு வருகிறவர் என்ன செய்வார்?

ஆகவே என் யோசனை இதுதான். அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஓய்வூதியர் சங்கங்கள் இருக்கின்றன. மாதக் கூட்டம் போட்டு அகவிலைப்படி பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதோடு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது பூட்டிக் கிடக்கும் வீட்டை வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் கேட்டு வாங்கலாம். நோயாளியோடு வந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மூன்று நாள், ஐந்து நாள் தங்க இடம். வார்டு செவிலியரிடமிருந்து ஒரு சீட்டு இருந்தால் போதும், மற்றதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வோம். கோயில், சர்ச், மசூதி மூன்றும் மாதம் பத்து நாள் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொண்டால், எந்த வீட்டு அடுப்புக்கும் பாரம் இல்லை. முறை வைத்து நாம் ஒருவர் மாற்றி ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். வருகிறவரிடம் நோய் என்ன, செலவு எவ்வளவு என்று துருவ வேண்டாம். "உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றால் போதும்.

அதுவும் முடியாதவர்கள் இருப்பார்கள். முழங்கால் ஒத்துழைக்காது, வீட்டில் படுக்கையில் ஒருவர் இருப்பார். அவர்கள் கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு போடலாம், பக்கத்தில் ஒரு பானை வைக்கலாம். இடித்த திண்ணையில் நான்கடியாவது திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

ஐடா அம்மையார் மலையேறியபோது அவருக்கு 75 வயது. நம்மில் பலர் அந்த வயதை இன்னும் தொடவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி எழுதிக் கொடுக்கப் போகிறேன். வாடகை வீடு பார்க்க என்னோடு நடக்க இரண்டு பேர் வேண்டும். காலை நடைக்கு எப்படியும் கிளம்புகிறோம், அந்தப் பக்கமாகவே போகலாம்.